வீட்டு எலுமிச்சைக்குக் கவாத்து எப்போது?

கிணற்றடி எலுமிச்சை அடர்ந்துவிட்டதே என்று மழைக்காலத்தில் அரிவாளை எடுக்காதீர்கள். சொறி நோய்க் கிருமி மழைத்துளியோடு தெறித்து, வெட்டுக்காயத்தின் வழியே நுழையும்; காய்களிலும் சொறி விழுந்து விலை போகாது. பூவும் பிஞ்சும் நிற்கும்போது வெட்டினால் அந்தப் போக மகசூல் குறையும். எனவே முக்கிய அறுவடை முடிந்ததும், வடகிழக்குப் பருவமழைக்கு முன், வெயிலடிக்கும் நாளில் கவாத்து செய்ய வேண்டும்.

காய்ந்த, நோயுற்ற கிளைகளையும், தரையிலிருந்து 45 செ.மீ. உயரம் வரையுள்ள பக்கக் கிளைகளையும் நீக்குங்கள். செங்குத்தாகக் கிளம்பும் நீர்ப்போத்துகளை இளசிலேயே அகற்றுங்கள். நல்ல கிளைகளை அதிகம் கழித்தால் பட்டை வெயிலில் வெந்துவிடும். வெட்டுவாயில் போர்டோ பசை தடவுங்கள்: மயில்துத்தம் 100 கிராம், சுட்ட சுண்ணாம்பு 100 கிராம் இரண்டையும் அரை லிட்டர் நீரில் தனித்தனியே கரைத்துக் கலக்கவும். நோயுற்ற கிளைகளை எரித்துவிடுங்கள்.