மாதந்தோறும் ஆறும் புண்

கோலார் தங்கவயல் மக்களுக்குச் சுரங்கத் தூசியைப் பற்றிச் சொல்லித்தர வேண்டியதில்லை. பாறையைத் துளைத்தபோது பறந்த தூசி நுரையீரலில் படிந்தது. பலருக்குச் சிலிக்கோசிஸ் நோய் வந்தது. அப்படிக் கெட்டுப்போன நுரையீரலை டி.பி. கிருமி எளிதில் பிடித்துக்கொள்ளும். சுரங்கம் 2001-ஆம் ஆண்டு மூடப்பட்டது. டி.பி. இன்னும் நம் நாட்டை விட்டுப் போகவில்லை.

டி.பி. என்றதும் இருமல்தான் நினைவுக்கு வரும். பெண்களின் கருப்பையையும் அது தாக்கும் என்பது பலருக்குத் தெரியாது.

கருப்பையின் உட்புறம் மெல்லிய சவ்வு ஒன்று இருக்கிறது. அதில் மேல் அடுக்கு, அடி அடுக்கு என இரண்டு உண்டு. மாதவிலக்கின்போது மேல் அடுக்கு உதிர்ந்து இரத்தத்தோடு வெளியே வருகிறது. உள்ளே புண் உண்டாகிறது. கையில் அரிவாள் ஆழமாகப் பட்டால் தழும்பு நிற்கும். ஆனால் இந்தப் புண் ஐந்தாறு நாளில் தழும்பே இல்லாமல் ஆறிவிடுகிறது! எப்படி?

இரத்தத்தில் உள்ள வெள்ளை அணுக்கள் அங்கே வந்து சேருகின்றன. நோயை எதிர்க்கும் காவலர்கள் என்று இவற்றைப் பற்றிக் கேள்விப்பட்டிருப்பீர்கள். இவை துப்புரவு வேலையும் செய்யும். உதிர்ந்த துணுக்குகளை விழுங்குகின்றன. பிறகு சில பொருள்களைச் சுரந்து, ‘இங்கே சவ்வு வளர வேண்டும், இரத்தக் குழாய் வேண்டும்’ என்று செய்தி சொல்லுகின்றன. அடி அடுக்கின் செல்கள் பெருகிப் புண்ணை மூடுகின்றன.

அடுத்து, சினைப்பையிலிருந்து ஈஸ்ட்ரோஜன் என்ற ஹார்மோன் இரத்தத்தில் கலந்து வருகிறது. வேலைக்குச் சங்கு ஊதியதுபோல் எல்லாச் செல்களும் சுறுசுறுப்பாகின்றன. ஒன்றிரண்டு மில்லிமீட்டர் இருந்த சவ்வு சுமார் 10 மில்லிமீட்டர் வரை வளருகிறது. பிறகு புரோஜெஸ்டிரான் என்ற ஹார்மோன் அதைக் கரு தங்கும் மெத்தையாகப் பக்குவம் செய்கிறது. கரு தங்காவிட்டால் இரண்டு ஹார்மோன்களும் குறையும். மேல் அடுக்கு மறுபடி உதிரும்.

அறுத்த புல், வேர் இருந்தால் துளிர்க்கும். அடி அடுக்குதான் இந்தச் சவ்வுக்கு வேர். டி.பி. கிருமி இரத்தத்தின் வழியாகக் கருக்குழாய்க்கும் கருப்பைக்கும் போய் அந்த வேரையே அரித்துவிடலாம். அங்கே தழும்பு விழும். கருப்பைச் சுவர்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்வதும் உண்டு. பிறகு எத்தனை செய்தி வந்தாலும் சவ்வு வளராது. மாதவிலக்கு குறையும், அல்லது நின்றுபோகும். கரு தங்குவதும் அரிதாகிவிடும்.

இருமலும் இல்லை, காய்ச்சலும் இல்லை என்றுகூட இருக்கலாம். ஊரார் அவளை ‘மலடி’ என்பார்கள். அவள் விரதம் இருப்பாள். கணவனையும் பரிசோதிக்க வேண்டும் என்று யாரும் வாய் திறப்பதில்லை!

அரசு மருத்துவமனையில் டி.பி. மருந்து இலவசம். பொதுவாக ஆறு மாதமாவது விடாமல் சாப்பிட வேண்டும். மருந்து கிருமியைக் கொல்லும். ஆனால் விழுந்த தழும்பை அழிக்காது. ஆகவே மாதவிலக்கு வரவரக் குறைந்தால் தள்ளிப்போடாமல் மருத்துவரிடம் போங்கள். உங்கள் வீட்டில் அப்பாவுக்கோ கணவருக்கோ மாமனாருக்கோ முன்பு டி.பி. இருந்திருந்தால், கேட்கும் முன்பே அதைச் சொல்லிவிடுங்கள்.