வெளிநாட்டு ஆசிரியர் வேலை: சம்பளத்தைவிட வீட்டுக்கு வரும் பணத்தைக் கேளுங்கள்

குரோம்பேட்டையிலிருந்து விமான நிலையமுள்ள திரிசூலம் இரண்டே ஸ்டேஷன். மாலத்தீவுப் பள்ளியில் வேலை என்றதும் புறப்பட மனம் துடிப்பது இயல்பு. கையெழுத்துக்கு முன் சம்பளத் தொகையோடு, அது எந்த நாணயத்தில் வரும், மாதம் எவ்வளவு வீட்டுக்கு அனுப்பலாம் என்றும் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். மாலத்தீவில் சம்பளம் பெரும்பாலும் ரூஃபியாவில். அங்கே டாலர் தட்டுப்பாடு வந்தால் வங்கிகள் அனுப்பும் தொகைக்கு வரம்பு வைக்கின்றன. நாணய மதிப்பே சரிவதும் உண்டு. எத்தியோப்பியா, இந்திய ஆசிரியர்களைப் பல பத்தாண்டுகளாக அழைத்த நாடு. 2024 ஜூலை இறுதியில் அங்கு நாணய மதிப்பைச் சந்தையிடம் விட்டதும், 57 பிர்ராக இருந்த டாலர் சில வாரங்களில் 100-ஐத் தாண்டியது. பிர்ரில் ஒப்பந்தம் போட்டவரின் சேமிப்பு, ஊருக்கு அனுப்பும்போது கிட்டத்தட்ட பாதியாகச் சுருங்கியிருக்கும்.

தங்குமிடம் இலவசம், செலவு குறைவு, பணம் அங்கேயே சேரட்டுமே என்பார்கள். தனியாளுக்கு அது சரி. ஆனால் இங்கே வீட்டுக்கடன் தவணை மாதாமாதம் ரூபாயில்தான் போகிறது. தீவில் தேங்கிய பணம் அதைக் கட்டாது. இவ்வளவு கேட்டால் வேலை கைநழுவும் என்ற பயமும் உண்டு. நேர்மையான பள்ளிக்கு இது சாதாரணக் கேள்வி. பதில் சொல்லாமல் மழுப்பும் ஆள்சேர்ப்பு முகவரை மத்திய அரசின் இ-மைக்ரேட் தளத்தின் பதிவுப் பட்டியலில் தேடிப் பாருங்கள். பதிவு பெற்றவரும் சேவைக் கட்டணமாக 30,000 ரூபாயும் ஜிஎஸ்டியும்தான் வாங்கலாம், ரசீதோடு.