உலாவியிலிருந்து மேசைக்கு: கணக்கு மென்பொருளை இடம் மாற்றுதல் பற்றிய பாடம்

கணக்கில்லாத சங்கமும் கரையில்லாத ஏரியும் ஒன்றே. இரண்டிலும் வருவது தெரியும், போவது தெரியாது. நம் கிராமங்களில் கணக்கு எழுதும் முறை கடந்த சில ஆண்டுகளில் பெரிதும் மாறிவிட்டது. 2020 ஏப்ரல் 24ஆம் நாள் தொடங்கி வைக்கப்பெற்ற இ-கிராம் சுவராஜ் வாயிலாகப் பஞ்சாயத்துகளின் திட்டமும் செலவும் இணையத்தில் பதிவாகின்றன. அரசு அமைத்த இத்தகைய ஏற்பாட்டை மாற்றுவது நம் வேலையன்று. ஆனால் பால் கூட்டுறவுச் சங்கங்களும் உழவர் உற்பத்தியாளர் நிறுவனங்களும் தமக்கென மென்பொருள் வாங்குகின்றன. அவற்றின் நிர்வாகத்தில் நம் பஞ்சாயத்து அங்கத்தினர் பலரும் பங்கு கொண்டுள்ளனர். உலாவியில் ஓடும் மென்பொருளை மேசைக் கணினிக்கே கொண்டுவந்து தருகிறோம் என்று யாரேனும் சொன்னால், அதன் பொருளையும் பயனையும் அபாயத்தையும் நாம் அறிந்திருத்தல் அவசியம்.

உலாவியில் ஓடுவது என்றால் என்ன?

உலாவி, அதாவது பிரவுசர், ஒரு சன்னல் போன்றது. கணக்கும் அதைப் போடும் மூளையும் தொலைவிலுள்ள சர்வர் என்னும் கணினியில் இருக்கின்றன. நம் கணினி பெரும்பாலும் காட்டவும் எழுதவும் மட்டுமே உதவுகிறது. இதில் அனுகூலங்கள் உண்டு. எந்தக் கணினியிலும் தனியே நிறுவ வேண்டியதில்லை. திருத்தம் ஒன்றை ஓரிடத்தில் செய்தால் எல்லோருக்கும் கிடைத்துவிடும். கணினி பழுதானாலும் கணக்கு அழிவதில்லை.

குறையும் உண்டு. அதிகாலையில் பால் கொண்டு வருவோர் வரிசையில் நிற்கும் நேரத்தில் இணையம் அறுந்தால் சன்னல் மூடிக்கொள்கிறது. பாலோ காத்திராது. மேலும் உலாவி, பாதுகாப்பை முன்னிட்டு, கணினியிலுள்ள கோப்புகளையும் அதோடு இணைந்த எடைக் கருவி போன்ற சாதனங்களையும் தாராளமாகத் தொட விடாது. இவ்விரண்டு குறைகளே மென்பொருளை மேசைக்குக் கொண்டுவரத் தூண்டுகின்றன.

மூன்று வழிகள்

முதல் வழி, உலாவியை விடாமலே செய்வது. இதற்கு முற்போக்கு வலைச் செயலி என்று பெயர். 2015ஆம் ஆண்டு முதல் இப்பெயர் வழங்குகிறது. செயலியின் பக்கங்களை உலாவி கணினியிலேயே சேமித்து வைக்கும். சர்வீஸ் வொர்க்கர் என்னும் சிறு நிரல் ஒன்று வாயிற்காவலன் போல் நின்று, இணையம் இல்லாதபோது சேமித்ததை எடுத்துக் கொடுக்கும். மேசைத்திரையில் தனிச் சின்னமும் தோன்றும். செலவு குறைந்த வழி இது. ஆனால் உலாவியின் சேமிப்பை யாரேனும் துடைத்துவிட்டால், சர்வருக்கு இன்னும் அனுப்பாத பதிவுகளும் உடன் போய்விடும்.

இரண்டாம் வழி, செயலியோடு உலாவியின் இயந்திரத்தையும் சேர்த்துக் கட்டித் தருவது. எலக்ட்ரான் என்பது இவ்வகைச் சாதனம். கிட்ஹப் நிறுவனத்தில் 2013இல் வேறு பெயரில் தோன்றி, 2015இல் இப்பெயர் பெற்றது. இதனால் செயலி எல்லாக் கணினிகளிலும் ஒரே விதமாக ஓடும். கோப்புகளையும் கருவிகளையும் தொட முடியும். ஆயின் வயலுக்கு ஒரு கிணறு வெட்டுவது போன்றது இது. ஒவ்வொரு செயலியும் தன் உலாவியைச் சுமந்து வருவதால் இடமும் நினைவகமும் மிகுதியாகச் செலவாகும்.

மூன்றாம் வழி பொதுக் கிணற்றைப் பயன்படுத்துவது. கணினியின் இயங்குதளத்தில் ஏற்கனவே உள்ள உலாவி இயந்திரத்தையே செயலி எடுத்துக்கொள்கிறது. 2022இல் முதற்பதிப்பாக நிலைபெற்ற டவ்ரி இவ்வகையது. செயலி சிறியதாக இருக்கும். ஆனால் பொதுக் கிணற்றின் தண்ணீர் ஊருக்கு ஊர் மாறுவது போல, கணினிக்குக் கணினி அந்த இயந்திரம் மாறுபடும். ஒவ்வொன்றிலும் சோதித்துப் பார்க்க வேண்டும்.

ஓர் உண்மை உதாரணம்

மைக்ரோசாப்ட் நிறுவனத்தில் எரிக் காமா என்பவர் தலைமையில் 2011இல் மொனாக்கோ என்ற வேலை தொடங்கியது. நிரல் எழுதுவோர் உலாவியிலேயே எழுதுவதற்கான கருவி அது. 2013இல் பயனுக்கு வந்தது. ஆனால் நிரல் எழுதுவோரின் கோப்புகளும் மற்றக் கருவிகளும் அவரவர் கணினியிலேயே இருந்தன. ஆகவே அதனை எலக்ட்ரான் கூட்டில் பொருத்தி, விஷுவல் ஸ்டுடியோ கோடு என்ற பெயரில் 2015 ஏப்ரல் 29ஆம் நாள் அறிவித்தார்கள். உலகெங்கும் நிரலாளர் மிகுதியாகக் கையாளும் கருவிகளுள் அது ஒன்றாயிற்று. 2021இல் அதே கருவி உலாவியிலும் மீண்டும் ஓடத் தொடங்கியது.

இதில் நமக்குப் பாடம் உண்டு. முன்பு செய்த வேலையை அவர்கள் எறிந்துவிடவில்லை. எழுதும் பகுதியை அப்படியே வைத்துக்கொண்டு, கோப்பைத் திறப்பது, சேமிப்பது போன்ற வாயில்களை மட்டும் மாற்றினார்கள். நம் மென்பொருளையும் அடியோடு புதிதாக எழுத வேண்டும் என்று ஒருவர் பெருந்தொகை கேட்டால், ஏன் என்று கேட்பது நியாயமே.

கடினமான பகுதி கணக்கே

கூடு மாற்றுவது எளிது. கணக்கை ஒன்றுசேர்ப்பதே கடினம். கிராமக் கணக்குகள் கிராமத்தில் எழுதப்படுகின்றன. ஆண்டுதோறும் ஜமாபந்தியில் அவை தணிக்கையாகின்றன. மேசைச் செயலியும் அவ்வாறே. இணையம் இல்லாதபோது தன்னிடமுள்ள ஏட்டில் எழுதும்; இணையம் வந்ததும் சர்வருடன் ஜமாபந்தி நடத்த வேண்டும். அது ஒழுங்காக நடவாவிட்டால் நஷ்டம் அங்கத்தினருக்கே.

ஒரு கணக்கைப் பார்ப்போம். ஓர் அங்கத்தினருக்குத் தீவனக் கடன் பாக்கி ரூ.3,600 என்று வைத்துக்கொள்வோம். இணையம் அறுந்திருக்கும் நாளில் ஒரு கணினியில் அவர் ரூ.1,200 கட்டுகிறார். அன்றே மற்றொரு கணினியில் அவருடைய பால் பணத்திலிருந்து ரூ.600 பிடிக்கிறார்கள். முதற்கணினி பாக்கி ரூ.2,400 என்கிறது, இரண்டாவது ரூ.3,000 என்கிறது. கடைசியாக வந்த பாக்கியையே சர்வர் ஏற்பதாக இருந்து, இரண்டாம் கணினி பிந்தி அனுப்பினால், ஏட்டில் ரூ.3,000 நிற்கும். அவர் கட்டிய ரூ.1,200 மறைந்துவிடும்! பாக்கியை அனுப்பாமல், வரவுகளை ஒவ்வொன்றாக அனுப்பினால் இரண்டும் கழிந்து, பாக்கி ரூ.1,800 என்று சரியாக வரும். ஆகவே விதி இது: மொத்தத்தை அழித்து எழுதாதே, வரவையும் செலவையும் தனித்தனியே சேர்.

இன்னும் இரு விதிகள் உண்டு. ஒவ்வொரு பதிவுக்கும் வேறெதற்கும் இல்லாத அடையாளம் ஒன்று கணினியே இட வேண்டும். அனுப்பும் நடுவில் இணையம் அறுந்து, அதே பதிவு மீண்டும் போனாலும், சர்வர் அதை ஒரு முறையே கணக்கில் கொள்ளும். இரசீது எண்களையோ, அச்சிட்ட இரசீதுப் புத்தகங்களைப் பகிர்ந்தளிப்பது போல, கணினிக்கு ஒரு வரிசையாக ஒதுக்க வேண்டும். இல்லையேல் இரண்டு பேருக்கு ஒரே எண்ணில் இரசீது போய்ச் சேரும்.

காவலும் பராமரிப்பும்

கணக்கு மேசைக்கு வந்தால் காவலும் மேசைக்கு வந்துவிடுகிறது. கணினி திருடு போனால் அங்கத்தினரின் வங்கி விவரமும் உடன் போகும். ஆகையால் வன்தட்டைப் பூட்டுக் குறியீட்டால் மறைத்து வைத்தலும், ஒவ்வொரு பணியாளருக்கும் தனிக் கடவுச்சொல் தருவதும், நாள்தோறும் வேறிடத்தில் ஒரு படி எடுத்து வைப்பதும் கட்டாயமாகும்.

மென்பொருளைக் காலத்துக்கேற்பப் புதுப்பிக்கும் ஏற்பாடும் வேண்டும். பழைய கணினிகளில் இது தடைப்படலாம். 2023இல் வந்த எலக்ட்ரான் 23ஆம் பதிப்பு முதல் விண்டோஸ் 7, 8 ஆகியவற்றில் ஓடுவதில்லை. விண்டோஸ் 10க்கு மைக்ரோசாப்ட் அளித்த வழக்கமான ஆதரவும் 2025 அக்டோபர் 14 அன்று முடிந்தது. மென்பொருள் வாங்கும் முன் நம்மிடமுள்ள கணினி எது என்று பார்ப்பது நல்லது.

முடிவாக

எல்லாவற்றையும் மேசைக்குக் கொண்டுவர வேண்டியதில்லை. விவரத்தைப் பார்ப்பது மட்டுமே நோக்கமாயின் உலாவியே போதும். அவ்வப்போது இணையம் அறுந்தால் முதல் வழியே பெரும்பாலும் போதுமானது. எடைக் கருவியோடு பேசவும், இணையமின்றி நெடுநேரம் பணம் வாங்கவும் வேண்டியிருந்தால் மட்டுமே மற்ற வழிகளை நாடலாம். உழைத்துச் சேர்த்த பணத்தின் கணக்கு, அதற்குரியவர் எந்நேரமும் கேட்டுச் சரிபார்க்கத்தக்கதாக இருத்தல் வேண்டும். நிர்வாகக் குழுவினர் இதனை மனத்திற்கொண்டு முடிவு செய்வார்களாக.

குழுக் கூட்டத்தில் கேட்க வேண்டிய வினாக்கள்

1. இணையம் ஒரு நாள் முழுதும் இல்லையென்றால் எந்தெந்த வேலைகள் நடக்கும், எவை நிற்கும்?

2. இரண்டு கணினிகளில் ஒருவர் கணக்கில் ஒரே நாளில் பதிவு செய்தால் பாக்கி எவ்வாறு சேரும்? நம் கண்முன் செய்து காட்ட இயலுமா?

3. அனுப்பப்படாத பதிவுகள் எத்தனை என்பது திரையில் தெரியுமா?

4. கணினி பழுதானால் நேற்றைய கணக்கை எங்கிருந்து, எவ்வளவு நேரத்தில் மீட்கலாம்?

5. மென்பொருள் தந்தவர் விலகினால், நம் கணக்கு முழுவதையும் வேறொருவர் படிக்கத்தக்க வடிவில் நமக்குத் தருவாரா? இது ஒப்பந்தத்தில் எழுதப்பட்டுள்ளதா?