உயரக் கோலும் இராட்டினமும்

மக்கட்கு விளையாட்டென்பது உணவுக்கு அடுத்தபடி வேண்டப்படுவது. இளஞ்சிறார்க்கோ அஃது உணவினும் முற்பட்டது. ஆதலின், ஊர்த் திருவிழாக்களில் இராட்டினங்களும் ஊஞ்சல்களும் நெடுங்காலமாக இடம்பெற்று வருகின்றன. நம் சென்னையின் தென்பகுதியையே எடுத்துக்கொள்வோம். மயிலாப்பூரில் பங்குனிப் பெருவிழாவின்போதும், பெசன்ட் நகர் அன்னை வேளாங்கண்ணி ஆலயத்தில் ஆகஸ்டு 29 முதல் செப்டம்பர் 8 வரை நிகழும் திருநாட்களிலும், எலியட்ஸ் கடற்கரையின் மாலை வேளைகளிலும் இராட்டினத்தைச் சூழ்ந்து சிறார் நிற்றலைக் காணலாம். கிழக்குக் கடற்கரைச் சாலை வழியே தெற்கு நோக்கிச் செல்வோர், மின்விசையால் இயங்கும் பெரும்பொறிகள் நிறைந்த கேளிக்கைப் பூங்காக்களை ஈஞ்சம்பாக்கத்திலும் அதற்கப்பாலும் காண்பர்.

கையாற் சுழற்றும் சிறு இராட்டினத்தின் முன் பெரும்பாலும் காணப்படாததும், பெரும்பொறியின் வாயிலில் நிற்பதுமாகிய பொருள் ஒன்றுண்டு. அஃது ஓர் உயரக் கோல். 90 சென்டிமீட்டர், 120 சென்டிமீட்டர், 140 சென்டிமீட்டர் எனப் பொறிக்கேற்ப ஒரு கோடு அதிற் கீறப்பட்டிருக்கும். அக்கோட்டைத் தொடாத சிறுவன் கண்கலங்கித் திரும்புகிறான். அவனினும் ஓராண்டு இளைய தங்கை சற்று உயர்ந்தவளாயின் உள்ளே செல்கிறாள். பெற்றோர் காவலாளியோடு வழக்காடுகின்றனர். “எட்டு வயது நிரம்பியவன், அஞ்சாதவன், நானும் பக்கத்தில் இருப்பேன், ஒரு விரற்கடை குறைந்தால் என்ன?” என்பது அவர்தம் வினா. இவ்வினா புறக்கணிக்கத்தக்கதன்று. இதற்குத் தக்க விடை காண்டலே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

விசையின் கணக்கு

வட்டத்திற் சுழலும் பொருள் யாதாயினும் அதனை மையத்தை நோக்கி இடையறாது இழுக்கும் விசையொன்று இருத்தல் வேண்டும். அவ்விசை நீங்கின் பொருள் நேர்கோட்டில் ஓடிவிடும். இராட்டினத்தில் அமர்ந்தாரை இவ்வாறு மையம் நோக்கித் தள்ளுவது இருக்கையின் விளிம்பும் தடைக்கம்பியுமேயாம். விளிம்பு நம்மை உள்ளே தள்ளுதலையே நாம் வெளியே தள்ளப்படுவதாக உணர்கிறோம்.

இதனைக் கணக்கிட்டு அறிவோம். ஓர் இராட்டினத்தின் ஆரம் 4 மீட்டர் எனவும், அஃது 4 வினாடிக்கு ஒரு முறை சுற்றுவதாகவும் கொள்க. விளிம்பில் இருப்பவரின் வேகம் வினாடிக்கு 6.28 மீட்டர் ஆகும். வேகத்தின் வர்க்கத்தை ஆரத்தால் வகுக்கக் கிடைப்பது மையம் நோக்கிய முடுக்கம். அஃது ஈண்டு 9.87. புவியீர்ப்பின் முடுக்கமோ 9.8. எனவே, இவ்விராட்டினத்தில் அமர்ந்துள்ள 20 கிலோகிராம் எடையுள்ள சிறுமியை இருக்கையில் நிறுத்தற்கு, அவளைத் தரையினின்று தூக்கி வைத்திருத்தற்கு வேண்டும் அளவான விசை பக்கவாட்டிலும் வேண்டப்படுகிறது. அதே இராட்டினம் 8 வினாடிக்கு ஒரு முறை சுற்றுமாயின் அவ்விசை நான்கிலொரு பங்காகக் குறைந்துவிடும். வேகம் இருமடங்காயின் விசை நான்மடங்காதலின், கையாற் சுழற்றுவதற்கும் மின்விசையாற் சுழற்றுவதற்கும் உள்ள வேறுபாடு கண்ணுக்குத் தோன்றுவதினும் மிகப் பெரிது.

இக்கணக்கில் மாணவர் ஊன்றி நோக்கத்தக்கது ஒன்றுண்டு. முடுக்கத்தைக் காண்பதற்கு நாம் எடையை எங்கும் கூட்டவில்லை. தந்தைக்கும் மகளுக்கும் முடுக்கம் ஒன்றே. சங்கிலியில் தொங்கும் இருக்கைகள் சுழலுங்கால், எடை மிக்கவர் இருக்கையும் குறைந்தவர் இருக்கையும் ஏறக்குறைய ஒரே கோணத்திற் சாய்ந்து பறத்தல் இதனாலேயாம். எனவே, “குழந்தை இலேசானது, ஆகவே அதற்கு இடர் மிகுதி” என்பது முழு உண்மையன்று. இடரின் வேர் எடையில் இல்லை. உடலின் வடிவிலும் அளவிலும் உள்ளது.

எடையன்று, வடிவே

பொறியில் அமர்ந்தாரைக் காப்பது மடிமேல் இறங்கும் கம்பி. சிலவற்றில் தோள்மேல் இறங்கும் காப்பு. இவை ஒரு குறித்த உடலளவை எண்ணிச் செய்யப்பட்டவை. மடிக்கம்பி இடுப்பெலும்பை ஒட்டி, தொடையின்மேற் படிதல் வேண்டும். உடல் சிறுத்திருப்பின் கம்பிக்கும் உடலுக்கும் இடையே வெளி உண்டாகும். பொறி குலுங்குங்கால் குழந்தை அதன் கீழே வழுக்கிச் செல்லலாம். அல்லது கம்பி வயிற்றிலோ மார்பிலோ அழுந்தலாம். கால் தரையை எட்டாமையால் ஊன்றி நிற்றற்கும் இயலாது.

தலையின் அளவு மற்றொன்று. பிறந்த குழந்தையின் தலை அதன் நீளத்தில் ஏறத்தாழ நான்கிலொரு பங்கு; வளர்ந்தாரின் தலையோ ஏழிலொரு பங்கு அல்லது அதனினும் குறைவு. ஆதலின் சிறாரின் உடலில் மேற்பகுதி கனத்தது. கழுத்துத் தசையோ வலிவு குறைந்தது. பொறி திடீரென நிற்கும்போதும் திரும்பும்போதும், வளர்ந்தார்க்கு வெறுங் குலுக்கலாய்த் தோன்றுவது சிறார்க்குத் தலை முன்னே வீழ்தலாய் முடியலாம்.

பெற்றோர் பக்கத்தில் இருப்பின் போதாதோ எனின், சிற்சில பொறிகளில் அதுவே இடர்க்கு வழியாதலும் உண்டு. இருவர்க்கு ஒரே கம்பி பொதுவாயின், அக்கம்பி பருத்த தந்தையின் தொடையில் முட்டி நின்றுவிடும். மெலிந்த மகனுக்கும் கம்பிக்கும் நடுவே ஒரு சாண் வெளி எஞ்சும். தந்தையின் கை அவ்வெளியை நிரப்புமென நம்புதல் தகாது. நாம் மேலே கண்ட விசை எதிர்பாராத கணத்தில் வருமாயின் எத்தகைய கையும் தளரும்.

இராட்சத இராட்டினம் எனப்படும் பெருஞ்சக்கரத்தில் இவ்விசை சிறிதே. 10 மீட்டர் ஆரமுள்ள சக்கரம் 20 வினாடிக்கு ஒரு முறை சுற்றின், முடுக்கம் புவியீர்ப்பிற் பத்திலொரு பங்குதான். ஆயினும் அங்கும் குழந்தைகளைத் தனியே ஏற்றாமை அறிவுடைமையாம். அங்கே இடர் விசையால் வருவதன்று. உச்சியில் சக்கரம் நிற்கும்போது எழுந்து நிற்றலாலும் எட்டிப் பார்த்தலாலும் வருவது. ஆண்டுப் பெற்றோரின் துணை உண்மையாகவே பயன்படும். எனவே, பெரியோர் துணையோடு ஏறுக என்னும் விதியும், இவ்வுயரத்திற்குக் குறைந்தோர் ஏறலாகாது என்னும் விதியும் வெவ்வேறு காரணம் பற்றியவை என்பது தெளிவு.

வயதைக் கேளாமை ஏன்?

வயது உடலின் அளவை உள்ளவாறு உணர்த்துவதில்லை. உலக நல்வாழ்வு நிறுவனம் 2006-ஆம் ஆண்டில் வெளியிட்ட வளர்ச்சி அளவுகளின்படி, ஐந்து வயது நிரம்பிய சிறுவரின் நடுவளவு உயரம் 110 சென்டிமீட்டர், சிறுமியரது 109.4. அவ்வளவுகள் ஆறு நாட்டுக் குழந்தைகளை ஆய்ந்து வகுக்கப்பட்டவை. தில்லிக் குழந்தைகளும் அவருள் அடங்குவர். ஆயின், ஐந்து வயதினருள் நன்கு வளர்ந்த சிறாரே 101 முதல் 119 வரை வேறுபடுவர். நடுவளவுச் சிறுவன் 120 சென்டிமீட்டரை அடைவது ஏழு வயதிற்குச் சற்று முன்; 140-ஐ அடைவது பத்தரை வயதளவில். இயல்பெல்லையின் அடியில் நிற்கும் சிறுவனோ 140-ஐ எட்டுதற்கு ஏறத்தாழப் பதின்மூன்று ஆண்டுகள் ஆகும்.

மேலும், வயது வாயாற் சொல்லப்படுவது. உயரம் கண்ணாற் காணப்படுவது. நம் அரசுப் பேருந்துகளில் ஐந்து வயது வரை கட்டணமில்லை என 2022-இல் அறிவிக்கப்பட்டது; அங்கே அளவை வயது. சென்னை மெட்ரோ இரயிலிலோ பெரியோருடன் வரும் 90 சென்டிமீட்டருக்குட்பட்ட குழந்தைக்குக் கட்டணமில்லை. அங்கே அளவை உயரம். கட்டணச் சாளரத்தின் முன் தம் குழந்தை குட்டையாய்த் தோன்றவேண்டுமென விழையும் அதே பெற்றோர், இராட்டினத்தின் முன் அது நெட்டையாய்த் தோன்றவேண்டுமென விழைகின்றனர். முன்னதில் முழங்காலை மடக்கினால் இழப்பது சில ரூபாய். பின்னதில் குதிகாலை உயர்த்தினால் இழக்கத்தகுவது உயிர். இவ்வேறுபாட்டை உணர்வார் பொய்யுரைக்க ஒருப்படார்.

கோலின் குறைகள்

கோல் எல்லாவற்றையும் அளப்பதன்று என்பதையும் ஒளியாது கூறுதல் வேண்டும். 2022 மார்ச்சு 24 அன்று அமெரிக்க நாட்டு ஆர்லாண்டோ நகரில், உயரத்தினின்று வீழும் பொறியொன்றிலிருந்து 14 வயதுச் சிறுவன் விழுந்து இறந்தான். அவன் ஆறடிக்கு மேல் உயர்ந்தவன். குறைந்த அளவென்னும் கோடு அவனைத் தடுத்திலது. பொறி செய்தோரின் கைந்நூல் குறித்த எடையெல்லையோ ஏறத்தாழ 130 கிலோகிராம். அவன் எடை அதனைக் கடந்தது. இருக்கையின் உணர்கருவி மாற்றியமைக்கப்பட்டிருந்தமையால், தோட்காப்பு உரிய அளவு இறங்காதபோதும் பொறி இயங்கிற்று. குறுமைக்கு எல்லை உண்டாதல் போலப் பருமைக்கும் எல்லை உண்டு என்பதே இதன் பாடம்.

இனி, பொறியே பழுதாயின் கோல் என் செய்யும்? 2019 சூலையில் ஆமதாபாத்துக் காங்கரியா ஏரிக்கரையில் ஊசற்பொறி முறிந்து இருவர் மாண்டனர். 2025 மே மாதத்தில் நம் ஈஞ்சம்பாக்கத்தில் வி. ஜி. பி. பூங்காவின் பொறியொன்று நடுவானில் நின்றுபோகவே, சிறாருள்ளிட்ட முப்பதின்மருக்கு மேற்பட்டோர் சில மணி நேரம் தவித்தனர்; தீயணைப்புப் படையினர் அவர்களை உயிர்ச்சேதமின்றி இறக்கினர். இவை உயரத்தால் நேர்ந்தவையல்ல. பொறி செவ்விதாய் இருக்கின்றது என்னும் துணிபின்மேலேயே கோல் நிற்கிறது. அத்துணிபை அளிக்கவேண்டியவர் உரிமையாளரும், உரிமம் வழங்கும் அதிகாரிகளுமாவர்.

குட்டையும் ஊட்டமும்

இனி, இப்பொருளில் நம்மை உறுத்தவேண்டிய செய்தியொன்றைக் கூறுவோம். உயரம் மரபால் மட்டும் அமைவதன்று. உணவாலும் நோயாலும் அமைவது. 2019 முதல் 2021 வரை நடந்த தேசிய குடும்ப நல ஆய்வின்படி, இந்தியாவில் ஐந்து வயதுக்குட்பட்டாருள் நூற்றுக்கு 35.5 பேரும், தமிழ்நாட்டில் நூற்றுக்கு 25 பேரும் வயதிற்கேற்ற உயரம் இல்லாதவர். நான்கு குழந்தைகளுள் ஒன்று இத்தகையது. கோலின் முன் ஒதுக்கப்படும் சிறுவன் சில வேளைகளில் பசியால் முன்னரே ஒருமுறை ஒதுக்கப்பட்டவன். வகுப்புத் தோழர் ஏறிச்செல்ல அவன்மட்டும் கீழே நிற்றல் இரண்டாம் ஒறுத்தலாகும்.

ஆயின், இரக்கத்தால் அவனை ஏற்றிவிடுதல் முறையோ? அன்று. விசைக்கு ஏழ்மை தெரியாது. கம்பிக்கும் உடலுக்கும் இடையேயுள்ள வெளி, அஃது எக்காரணத்தால் உண்டாயினும் வெளியே. இரக்கம் செல்லவேண்டிய இடம் பொறியின் வாயிலன்று, அடுக்களையும் பள்ளியுமாம். நம் நகரம் இதனை அறியாததன்று. நாம் நாள்தோறும் தியாகராய நகர் என வழங்கும் பகுதி யார் பெயரால் அமைந்ததோ அந்தச் சர் பி. தியாகராய செட்டியார் சென்னை நகராண்மைத் தலைவராய் இருந்த 1920-ஆம் ஆண்டில், ஆயிரம் விளக்குப் பகுதிப் பள்ளியிற் சிறார்க்கு நண்பகலுணவு அளிக்கப்பட்டது. அவ்வித்தே 1956-இல் காமராசர் காலத்து மதிய உணவாகவும், 1982-இல் எம். ஜி. இராமச்சந்திரன் காலத்துச் சத்துணவாகவும், 2022-இல் காலைச் சிற்றுண்டியாகவும் தழைத்தது. கோலின் கோட்டைத் தாழ்த்துதல் அறமன்று. குழந்தையை அக்கோடு வரை வளர்த்தலே அறம்.

செய்யத்தக்கன

உயரத்தை அளக்கும் முறை எளிது. காலணியைக் களைந்து, குதிகாலும் முதுகும் கோலில் ஒட்ட நின்று, நேரே நோக்குதல் வேண்டும். மேலே முடிந்த கொண்டையை அளவிற் சேர்த்தலாகாது. முதுகெலும்பின் இடைத்தட்டுகள் பகலில் அழுந்துவதால் மனிதர் காலையினும் மாலையில் சிறிது குறுகுவர். ஆதலின் கோட்டில் அரும்பொட்டாய் நிற்கும் குழந்தையை வீட்டிலிருந்து புறப்படுமுன் அளந்து, இடமுண்டு என உறுதி கூறி அழைத்துவருதல் நன்றன்று. எந்தப் பொறிக்கு எவ்வளவு உயரம் என முன்பே கேட்டறிந்து, ஏறக்கூடாதவற்றைக் குழந்தைக்கு முன்னரே சொல்லிவிடின், வாயிலில் கண்ணீர் பெரிதும் குறையும்.

காவலாளியும் ஒன்றை நினைதல் வேண்டும். “நீ குள்ளன், போ” என்பதும், “இப்பொறி உன் அளவுக்குச் செய்யப்படவில்லை, அதோ உனக்கானது” என்பதும் ஒரே விதியின் இரு மொழிகள். முன்னது குழந்தையைக் குறைகூறுவது. பின்னது பொறியின் அளவைக் கூறுவது. பின்னதே உண்மையும் ஆகும்.

நம் கல்லூரி மாணவர் இதிற் செய்யக்கூடியதும் உண்டு. திருவிழாக் காலங்களில் தொண்டு செய்யச் செல்லும் மாணவர், ஒரு மூங்கிற் கழியில் 90, 120 சென்டிமீட்டர்களில் வண்ணக் கோடிட்டு இராட்டினக்காரரிடம் கொடுக்கலாம். பொருட்செலவு சிறிது. எந்தக் கோடு எந்த இராட்டினத்திற்குப் பொருந்தும் என்பதை, பொறியை அறிந்தோரோடு கலந்து முடிவுசெய்தல் வேண்டும். இருக்கைக் கம்பி குழந்தையின் தொடையிற் படிகிறதா என நின்று நோக்குதலும் அத்தொண்டில் அடங்கும்.

இதுகாறும் கூறியவாற்றால், உயரக் கோல் குழந்தையின் அஞ்சாமையை அளப்பதன்று என்பதும், பொறியும் உடலும் ஒன்றற்கொன்று பொருந்துமா என்பதனையே அளப்பதென்பதும் விளங்கும். இன்று கோட்டிற்குக் கீழ் நிற்கும் சிறுவன் நல்லுணவு பெற்று வளர்வானாயின், ஓரிரண்டு ஆண்டில் அதனைக் கடந்து நிற்பான். அதுகாறும் அவன் ஏறி மகிழ்தற்கு மணலில் மெல்லச் சுழலும் சிறு இராட்டினம் உண்டு. அவனைக் காத்திருக்கச் செய்தல் பெரியோர் கடன். அக்காத்திருத்தல் வீண்போகாது அவனை வளர்த்தல் சமுதாயத்தின் கடன்.