கடலோர ஊரில் ஹொட் எயார் பழகுவது எப்படி?

திருகோணமலையின் கொட்பே மீன்பிடித் துறைமுகத்துப் படகுகளில் ஜிபிஎஸ், மீன் தேடும் கருவி, விஎச்எஃப் வானொலி என்று ஏதாவது ஒன்று இருக்கும். படகோட்டியின் சட்டைப்பையில் போனும் இருக்கும். இரண்டுக்கும் பொது எதிரி உப்பு. கடல்நீர் பட்ட கருவியைத் திறந்தால் போர்ட்டின் செம்புத் தடங்களில் பச்சை பூத்திருக்கும். அங்கே பழுதான சிறு பாகங்களைக் கழற்றி மாற்ற வெறும் சோல்டரிங் அயன் போதாது, சூடான காற்றை ஊதும் ஹொட் எயார் கன் வேண்டும். திருகோணமலையில் பழகத் தொடங்குபவர் கன்னைக் கையில் எடுக்குமுன் போர்ட்டைக் கழுவப் பழக வேண்டும்.

நனைந்த போனை அரிசிப் பானைக்குள் புதைத்தால் சரியாகும் என்று ஒரு நம்பிக்கை உண்டு. அரிசி ஈரத்தைக் கொஞ்சம் இழுக்கலாம், உப்பை இழுக்காது. பற்றறி இணைந்தபடியே இருந்தால் உப்புநீருக்குள் மின்னோட்டம் பாய்ந்து செம்பைத் தின்றுகொண்டே இருக்கும். ஆகவே முதலில் பற்றறியைக் கழற்ற வேண்டும். அதன்பின் போர்ட்டை வெளியே எடுத்து, உப்பு கரையக் காய்ச்சி வடித்த நீரில் கழுவி, ஐசோபுரொப்பைல் அல்கஹோலும் மெல்லிய தூரிகையும் கொண்டு தேய்த்து உலரவிட வேண்டும். உப்புப் படிந்த இடத்தில் ஈயம், அதாவது சோல்டர், ஒட்டவே ஒட்டாது.

பழகுவதற்குச் செத்த போர்ட்டுகளே சிறந்தவை. பழைய ரவுட்டர், கணினி மதர்போர்ட் எதுவும் ஆகும். கன், ஈயம் ஒட்ட உதவும் பிளக்ஸ், டுவீசர், ஈயம் உறிஞ்சும் செம்புப் பின்னல் எல்லாம் கொழும்பு புறக்கோட்டை முதலாம் குறுக்குத்தெருவில் கிடைக்கும். காசு குறைவென்றால் கன்னில் மிச்சம் பிடிக்கலாம், பிளக்ஸில் பிடிக்கக் கூடாது.

பாகங்களின் அளவை எண்ணால் சொல்வார்கள். 0805 என்றால் நீளம் 2 மில்லிமீற்றர், 0603 என்றால் 1.6, 0402 என்றால் 1. போன்களில் 0.6 மில்லிமீற்றர் நீளமுள்ள 0201-உம் சாதாரணம். 0805-இல் தொடங்கிப் படிப்படியாக இறங்குவதுதான் முறை. சிறிய செராமிக் கெப்பாசிட்டரின் மேல் எந்த எழுத்தும் இராது. நான்கைக் கழற்றி மேசையில் போட்டால் எது எந்த இடத்தது என்று பிறகு கண்டுபிடிக்க முடியாது. ஒவ்வொன்றாகக் கழற்றி, ஒட்டி முடித்த பிறகே அடுத்ததைத் தொட வேண்டும்.

இனி வேலை. பிளாஸ்டிக் கனெக்டர்கள் பக்கத்தில் இருந்தால் சூடு தாங்கும் கப்டன் ரேப்பால் மூடவும். கழற்றப்போகும் பாகத்தின் இரு முனையிலும் பிளக்ஸ் தடவவும். மேலே சுழலும் மின்விசிறியை நிறுத்தவும். வியர்க்கும், ஆனால் அந்தக் காற்று போர்ட்டைக் குளிரவைத்துக்கொண்டே இருந்தால் கணக்கெல்லாம் தப்பிவிடும். கன்னின் காற்றைக் குறைத்து வைக்க வேண்டும், இல்லாவிட்டால் கெப்பாசிட்டர் பறந்து போகும். 63க்கு 37 என்ற தகர-ஈயக் கலவை 183 பாகை செல்சியசில் உருகும். ஈயமில்லாக் கலவைகளில் பரவலானது 217 பாகைக்கு மேல்தான் உருகத் தொடங்கும். இன்றைய போன்களில் இருப்பது இரண்டாவது வகை. கன்னின் திரையில் 350 பாகை என்று காட்டினாலும் போர்ட்டில் அவ்வளவு சூடு சேராது. எனவே ஒரு குப்பைப் போர்ட்டில் ஈயத்துளி எத்தனை வினாடியில் பளபளக்கிறது என்று பார்த்து, கையிலுள்ள கன்னின் குணத்தை அறிந்துகொள்வது நல்லது.

கன்னின் வாயான நொசிலை முதலில் சற்று உயரத்தில் பிடித்து, பாகத்தைச் சுற்றி அகலமாக வட்டமிட்டு முழுப் பகுதியையும் சூடாக்க வேண்டும். பிறகு ஓரிரு சென்ரிமீற்றர் உயரத்துக்கு இறக்கி, வட்டத்தைச் சுருக்க வேண்டும். பிளக்ஸ் குமிழியிடும், புகையும். சற்று நேரத்தில் மங்கலாக இருந்த ஈயம் திடீரெனக் கண்ணாடிபோல் மின்னும். அந்தக் கணத்தில் டுவீசரால் தொட்டால் பாகம் அசையும், உடனே தூக்கிவிடலாம். அசையாததை இழுத்தால் அடியிலுள்ள செம்புத் திட்டும் பெயர்ந்து வரும்.

உருகவில்லை என்றதும் பழகுபவர்கள் செய்வது வெப்பத்தைக் கூட்டுவது. பெரும்பாலும் அது தவறான மருந்து. அகலமான கிரவுண்ட் செம்பு சூட்டை இழுத்துக்கொள்கிறது, அல்லது பிளக்ஸ் காய்ந்துவிட்டது. முன்சூட்டை நீட்டினாலும் பிளக்ஸைப் புதுப்பித்தாலும் காரியம் நடக்கும். சட்டென்று ஏற்றிய சூட்டில் செராமிக் கெப்பாசிட்டர் கண்ணுக்குத் தெரியாமல் உள்ளுக்குள் விரிசல் விடும்.

ஒட்டும்போது செம்புப் பின்னலால் பழைய ஈயத்தைத் துடைத்து, இரு திட்டிலும் மெல்லிசாகப் புது ஈயம் பூசி, பிளக்ஸ் வைத்து, பாகத்தை ஏறக்குறைய அதன் இடத்தில் அமர்த்த வேண்டும். ஈயம் உருகியதும் அதன் பரப்பு இழுவிசை பாகத்தைத் தானே நேராக்கும். டுவீசர் நுனியால் இலேசாகத் தள்ளிவிட்டால் பாகம் திரும்பி வந்து அமரும். அதுதான் சரியான ஒட்டுக்கு அடையாளம். ஒரு முனை மட்டும் முதலில் உருகினால் பாகம் எழுந்து நின்றுவிடும். இரு முனைக்கும் சமமாகச் சூடு காட்டினால் படுத்துக்கொள்ளும். வாயால் ஊதி ஆறவைக்கக் கூடாது.

ஐப்பசி, கார்த்திகை மழையில் இன்னொரு ஆபத்து உண்டு. திறந்துகிடந்த ஐசியின் பிளாஸ்டிக் உறை ஈரத்தை உறிஞ்சியிருக்கும். திடீர்ச் சூட்டில் அது ஆவியாகி உறையைப் பிளக்கும். ஐசிகளை ஈரமுறிஞ்சிப் பொட்டலத்துடன் மூடிவைத்தால் இந்தத் தொல்லை இல்லை.

ஜன்னலைத் திறந்து வைக்கவும், வேலை முடிந்ததும் கையைச் சவர்க்காரமிட்டுக் கழுவவும், பற்றறி பொருத்தியிருக்கும் போர்ட்டின் பக்கமே சூட்டைக் கொண்டுபோக வேண்டாம். இயங்கும் பழைய ரவுட்டர் ஒன்றில் 0603 கெப்பாசிட்டரைக் கழற்றி அதையே திரும்ப ஒட்டிய பின்னும் அது இயங்கினால், அடுத்தவரின் கருவியைக் கையில் வாங்கலாம். அதுவரை கடலில் விழுந்த போனோடு வருபவரை அனுபவமுள்ள கடைக்கு அனுப்பிவிடுங்கள்.