பரிசம் போடும் சிலந்தி

மைசூரிலிருந்து தெற்கே சுமார் 23 கிலோமீட்டர் போனால் நஞ்சன்கூடு. கபினி ஆற்றங்கரையில் உள்ள ஊர். நஞ்சுண்டேசுவரர் கோயிலால் பெயர் பெற்றது. ரசபாளை என்னும் வாழைப்பழமும் இந்த ஊருக்குப் பெயர் வாங்கித் தந்தது. கோயிலுக்கு வருகிறவர்கள் கோபுரத்தைப் பார்ப்பார்கள். தோப்புக்குள் போகிறவர்கள் வாழைத்தாரைப் பார்ப்பார்கள். வேலி ஓரத்தில் வலை கட்டி உட்கார்ந்திருக்கும் சிலந்தியை யார் பார்க்கிறார்கள்?

இன்று அதைக் கொஞ்சம் நின்று பார்ப்போம்.

தென்னிந்தியத் தோட்டங்களில் ஒரு சிலந்தி உண்டு. வட்டமான வலை கட்டும். வலையின் நடுவில் வெள்ளை நூலால் பெருக்கல் குறி போலப் பின்னியிருக்கும். அந்தக் குறியின் மேல், கால்களை இரண்டிரண்டாகச் சேர்த்து வைத்துத் தலைகீழாக உட்கார்ந்திருக்கும். இதன் பெயர் கையெழுத்துச் சிலந்தி. கைநாட்டை விட்டுக் கையெழுத்துக்கு வந்தவர்களுக்கு இந்தப் பெயர் பிடித்துப் போகும்.

நாம் பார்க்கும் அந்தப் பெரிய சிலந்தி பெண். ஆண் எங்கே? வலையின் ஓரத்தில் தேடுங்கள். மிகச் சிறியதாக, மங்கிய நிறத்தில் ஒன்று ஒட்டிக்கொண்டிருக்கும். அதுதான் ஆண்.

ஏன் ஓரத்தில் நிற்கிறது? பயம்தான்.

கதவைத் தட்டும் மாப்பிள்ளை

சிலந்திகளில் பெரும்பாலானவற்றுக்கு எட்டுக் கண்கள். ஆனாலும் வலை கட்டும் சிலந்திக்குப் பார்வை மிகவும் மந்தம். வலையின் அதிர்வுதான் அதற்குச் செய்தி. ஈ மாட்டினால் வலை ஆடும். உடனே ஓடி வந்து நூலால் சுற்றும், கடிக்கும். ஆண் சிலந்தி வலையில் கால் வைத்தாலும் வலை ஆடத்தானே செய்யும்? பெண் அதை இரை என்று நினைத்துவிட்டால் ஆணின் கதை முடிந்தது.

ஆகவே ஆண் ஒரு வழி வைத்திருக்கிறது. தன்னுடைய நூல் ஒன்றைப் பெண்ணின் வலையில் கட்டும். அந்த நூலைக் காலால் மீட்டும். மாட்டிக்கொண்ட ஈ தாறுமாறாகத் துடிக்கும். ஆண் மீட்டுவதோ ஒரு தாளத்தில் வரும். வாசலில் நின்று கதவைத் தட்டுவது போலத்தான். பெண் இசைந்தால் அந்த நூலுக்கு வரும்.

இணை சேரும் விதமும் புதுமையானது. ஆணின் வாய்க்கு அருகே இரண்டு சிறு உறுப்புகள் கைகள் போல நீண்டிருக்கும். அவற்றின் நுனி உருண்டையாக இருக்கும். ஆண் முதலில் ஒரு குட்டி வலை பின்னி, அதில் தன் விந்துத் துளியை விடும். பிறகு அதை அந்த உறுப்புகளில் உறிஞ்சி எடுத்துக்கொண்டு பெண்ணைத் தேடிப் புறப்படும். பெரும்பாலான ஆண் சிலந்திகள் இப்படித்தான்.

வெள்ளைப் பொட்டலம்

ஐரோப்பாவில் புல்வெளிகளில் வாழும் ஒரு சிலந்தி, கதவைத் தட்டுவதோடு நிற்பதில்லை. கையில் பரிசு கொண்டு போகிறது.

ஆண் ஓர் ஈயைப் பிடிக்கும். தான் தின்னாது. வெள்ளை நூலால் சுற்றிச் சுற்றி உருண்டையாக்கும். அந்தப் பொட்டலத்தைப் பல்லில் கவ்வியபடி பெண்ணிடம் போய் நீட்டும். பெண் அதைக் கடித்துத் தின்னத் தொடங்கும். தின்று முடிப்பதற்குள் ஆண் இணை சேர்ந்துவிடும். பொட்டலம் பெரிதாக இருந்தால் நேரம் அதிகம் கிடைக்கும். முட்டையிடப் போகும் பெண்ணுக்குச் சத்தான உணவும் கிடைக்கும். வெறுங்கையோடு போகிற ஆணைப் பெண் விரட்டும். பசியாக இருந்தால் பிடித்துத் தின்றும் விடும். ஆணுக்கு அந்தப் பொட்டலம் உயிர் காக்கும் கேடயம்.

மாப்பிள்ளை வீட்டார் பெண்ணுக்குப் பரிசம் போடுவது நம்மில் பலரிடம் இருந்த பழைய வழக்கம். பிறகு வரதட்சிணை என்று பெண் வீட்டாரிடமே கேட்கத் தொடங்கிவிட்டார்கள். சிலந்திகளிடம் அந்த மாற்றம் இன்னும் வரவில்லை!

ஆனால் ஏமாற்று வேலை அங்கேயும் உண்டு. சில ஆண்கள் ஈயைத் தின்றுவிட்டு வெறும் கூட்டைச் சுற்றிக் கொண்டுபோகும். சில ஆண்கள் ஒரு விதையையோ செடித் துண்டையோ சுற்றிக் கொடுக்கும். வெள்ளை நூல் மூடியிருப்பதால் பெண்ணுக்கு முதலில் தெரியாது. கடித்துப் பார்த்த பிறகுதான் குட்டு வெளிப்படும். உடனே அது உறவை முறித்துக்கொண்டு போய்விடும். டென்மார்க் நாட்டு ஆராய்ச்சியாளர்கள் 2011ஆம் ஆண்டு இதை விவரமாக எழுதினார்கள்.

அதே குழுவினர் 2006இல் எழுதிய செய்தி இன்னும் வேடிக்கையானது. சில நேரம் பெண் பொட்டலத்தைப் பறித்துக்கொண்டு ஓடப் பார்க்கும். அப்போது ஆண் செத்தது போல விறைத்துவிடும். ஆனால் பொட்டலத்தில் வைத்த பல்லை விடாது. பெண் பொட்டலத்தை இழுத்துப் போகும். கூடவே 'பிணமும்' இழுபடும். பெண் ஓரிடத்தில் நின்று தின்னத் தொடங்கியதும், பிணம் மெல்ல எழுந்து தன் காரியத்தைப் பார்க்கும்.

நம் நாட்டுச் சிலந்திகள்

மேற்குத் தொடர்ச்சி மலைக் காடுகளில் ராட்சத மரச் சிலந்தி உண்டு. பெண்ணின் உடல் மட்டும் 3 முதல் 5 சென்டிமீட்டர் வரை இருக்கும். கால்களையும் சேர்த்தால் உள்ளங்கை அளவு வரும். ஆணோ அரை சென்டிமீட்டர்தான். இவ்வளவு பெரிய பெண்ணுக்கு அது என்ன பரிசு கொடுக்க முடியும்? பெண்ணின் முதுகில் ஏறி, தன் மெல்லிய நூலை அங்கும் இங்குமாக இழுத்துத் தடவிவிடும். அதில் பெண்ணின் மூர்க்கம் தணிகிறது என்று 2011இல் கண்டறிந்தார்கள்.

மலபார் பெயரைத் தாங்கிய இன்னொரு சிலந்தி மரத்தண்டிலும் வீட்டுச் சுவரிலும் வலை கட்டும். இதன் ஆண், இணை சேரும்போது தன் உறுப்பையே முறித்துப் பெண்ணிடம் விட்டுவிட்டு ஓடிவிடும். முறிந்த உறுப்பு அதன் பிறகும் விந்தைச் செலுத்திக்கொண்டே இருக்கும். சிங்கப்பூரில் நடந்த ஆய்வு 2012இல் இதைக் காட்டியது. உறுப்பை இழந்த ஆண் இனி எந்தப் பெண்ணோடும் சேர முடியாது. அதனால் அந்தப் பெண்ணின் பக்கத்திலேயே நின்று, வேறு ஆண்கள் வந்தால் ஆவேசமாகச் சண்டை போடும்.

வறண்ட நிலங்களின் முள்வேலிகளில் அழுக்குப் பஞ்சு போன்ற கூடு தொங்கும். அது கூட்டுக் குடும்பச் சிலந்தியின் வீடு. உள்ளே நூற்றுக்கணக்கில்கூட இருக்கும். பெண்கள் அதிகம், ஆண்கள் குறைவு. அங்கே பரிசம் கொடுப்பது தாய். குஞ்சுகள் கொஞ்சம் வளர்ந்ததும் தாயின் உடலையே உறிஞ்சித் தின்றுவிடும். தாய் எதிர்ப்பதில்லை.

வயலில் இரவுக் காவல்

நெல் வயலில் வலை கட்டாமல் ஓடித் திரியும் பழுப்புச் சிலந்தியைப் பார்த்திருப்பீர்கள். அது ஓநாய்ச் சிலந்தி. ஆண் தன் முன் உறுப்புகளை ஆட்டியும் தரையைத் தட்டியும் பெண்ணை அழைக்கும். நெற்பயிரை எரித்தது போலக் காயவைக்கும் புகையான் பூச்சிதான் இதன் விருப்பமான இரைகளில் ஒன்று.

பூச்சியைக் கண்டதும் மருந்தடித்தால் என்ன ஆகும்? புகையானும் சாகும், சிலந்தியும் சாகும். ஆனால் புகையானின் முட்டை பயிரின் தண்டுக்குள் பத்திரமாக இருக்கிறது. சில நாட்களில் அது பொரிக்கும். அப்போது தின்பதற்குச் சிலந்தி இருக்காது. மருந்துச் செலவும் போய், பூச்சி முன்னைவிடப் பெருகும். நெல் விளையும் ஆசிய நாடுகள் பலவற்றில் இப்படி நடந்திருக்கிறது. ஆகவே மருந்தடிக்கும் முன் தூர்களை விலக்கிப் பாருங்கள். புகையான் எத்தனை, சிலந்தி எத்தனை என்று எண்ணுங்கள். எண்ணத்தான் கற்றுக்கொண்டோமே!

இருட்டிய பிறகும் பார்க்கலாம். டார்ச் விளக்கை நெற்றிக்கு நேராகப் பிடித்து வரப்பில் அடியுங்கள். ஓநாய்ச் சிலந்தியின் கண்கள் பனித்துளி போலப் பச்சையாக மின்னும். தாய்ச் சிலந்தி முட்டைப் பையைப் பின்னால் ஒட்டி இழுத்துத் திரியும். குஞ்சு பொரித்தால் எல்லாவற்றையும் முதுகில் ஏற்றிக்கொள்ளும். ஒரே இடத்தில் ஏராளமான சின்னப் புள்ளிகள் சேர்ந்து மின்னி, மொத்தமாக நகர்ந்தால், அது அந்தத் தாய்தான்.