வைஃபைக்குப் பூட்டு



2008 ஜூலை 26. அகமதாபாத்தில் தொடர் குண்டுவெடிப்பு. 50-க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். குண்டுகள் வெடிப்பதற்குச் சற்று முன்னால் செய்தி நிறுவனங்களுக்கு ஒரு மின்னஞ்சல் வந்திருந்தது. எந்த இணைப்பிலிருந்து வந்தது என்று போலீஸார் தேடிப் போனார்கள். ஐ.பி. முகவரி கொண்டுபோய் நிறுத்திய இடம், நவி மும்பையில் ஓர் அமெரிக்கர் குடியிருந்த வீடு! அவருக்கும் குண்டுக்கும் சம்பந்தம் இல்லை. அவர் வீட்டு வைஃபையை வெளியாள் பயன்படுத்தியிருக்கிறான் என்று விசாரணையில் தெரிந்தது. ஆனாலும் முதலில் கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டியிருந்தது அவர்தான்.

ஏன் அப்படி? ஒரு ரவுட்டருக்குப் பின்னால் இருக்கும் போன், லேப்டாப் எல்லாம் வெளியுலகுக்கு ஒரே முகவரியாகத்தான் தெரியும். அந்த முகவரி யார் பேரில் இருக்கோ அவங்க வீட்டுக் கதவைத்தான் தட்டுவாங்க. அதனால் “நம்ம வீட்டு நெட்டுல திருட என்ன இருக்கு?” என்று கேட்பது சரியான கேள்வி இல்லை.

முதலில் ரவுட்டரை எங்கே வைப்பது என்று பார்ப்போம். வைஃபை என்பது ரேடியோ அலை. தூரம் இரண்டு மடங்கானால், தடையில்லாத வெளியிலேயே வலிமை நான்கில் ஒன்றாகிவிடும். நடுவில் கான்கிரீட் சுவர், இரும்பு பீரோ, தண்ணீர்த் தொட்டி இருந்தால் இன்னும் குறையும். ஆகவே வீட்டின் நடுவில், கொஞ்சம் உயரத்தில் வைப்பது நல்லது. தெருப்பக்கத்து ஜன்னலில் வைத்தால் பாதி சிக்னல் டீக்கடைக்குத்தான் போகும்! ஒரே கட்டடத்தில் மூன்று ரவுட்டர் வைப்பதாக இருந்தால் 2.4 கிகாஹெர்ட்ஸ் பட்டையில் 1, 6, 11 என்று சேனல்களைப் பிரித்துக் கொடுக்க வேண்டும். சேனல்கள் 5 மெகாஹெர்ட்ஸ் இடைவெளியில் நிற்கின்றன. ஆனால் ஒவ்வொன்றும் சுமார் 20 மெகாஹெர்ட்ஸ் அகலம் எடுத்துக்கொள்ளும். அடுத்தடுத்த எண்ணைக் கொடுத்தால் ஒன்றின் மேல் ஒன்று ஏறிவிடும்.

சரி, சிக்னலைக் குறைத்து வைத்தால் அதுவே பாதுகாப்பு ஆகிவிடுமா? ஆகாது. 2007-ல் வெனிசுவேலாவில் இரண்டு மலை உச்சிகளுக்கு நடுவே பெரிய ஆன்டெனா வைத்து 382 கி.மீ. தூரத்துக்கு வைஃபை இணைப்பு கொடுத்துக் காட்டினார்கள். நம் போனுக்குச் சிக்னல் எட்டாத இடத்தில் நல்ல ஆன்டெனாவுக்கு எட்டும். அலை எங்கே போனாலும் போகட்டும், எவன் பிடித்தாலும் புரியக் கூடாது. அதற்குத்தான் மறையாக்கம்.

முதல் பூட்டு 1997-ல் வந்தது. பேர் டபிள்யூ.ஈ.பி. இது உடைந்த கதை நம் பாடத்தில் வரும் எக்ஸ்-ஆர் கதவுதான்! இரண்டு பிட்டும் ஒன்றாக இருந்தால் 0, வேறாக இருந்தால் 1. செய்தியோடு ஒரு சாவிச் சரத்தை எக்ஸ்-ஆர் செய்து அனுப்புவார்கள். போட்டுப் பார்ப்போமா?

முதல் செய்தி 10110
சாவிச் சரம் 01101
காற்றில் போவது 11011

இரண்டாம் செய்தி 00111
அதே சாவிச் சரம் 01101
காற்றில் போவது 01010

இப்போது ஒட்டுக்கேட்பவன் கையில் 11011-ம் 01010-ம் இருக்கிறது. இரண்டையும் எக்ஸ்-ஆர் செய்தால் 10001. இரண்டு அசல் செய்திகளையும் எக்ஸ்-ஆர் செய்து பாருங்கள்: அதே 10001! சாவி தானாகக் கழன்றுபோச்சு. முதல் செய்தி தெரிந்தால் இரண்டாவதும் தெரிந்துவிடும். பாக்கெட்டுகளின் தலைப்பகுதி பெரும்பாலும் ஒரே மாதிரி இருப்பதால் ஊகிப்பது சுலபம். அதனால் ஒரு சாவிச் சரத்தை இரண்டு தடவை பயன்படுத்தவே கூடாது.

இது அமைத்தவர்களுக்கும் தெரியும். ஒவ்வொரு பாக்கெட்டுக்கும் சரம் மாற வேண்டும் என்று 24 பிட்டில் ஒரு தொடக்க எண்ணைச் சேர்த்தார்கள். 24 பிட் என்றால் 1,67,77,216 எண்கள். நிறைய மாதிரி தெரியும். ஆனால் நொடிக்கு 11 மெகாபிட் வேகத்தில் 1,500 பைட் பாக்கெட்டுகள் ஓயாமல் போனால் 5 மணி நேரத்தில் எல்லாம் தீர்ந்துவிடும். எண்களைக் குலுக்கல் முறையில் எடுத்தாலோ இன்னும் மோசம். 23 பேர் உள்ள வகுப்பில் இரண்டு பேருக்கு ஒரே பிறந்தநாள் வர பாதிக்கு மேல் வாய்ப்பு என்று கணக்கு வகுப்பில் கேட்டிருப்பீர்கள். அதே கணக்குப்படி சுமார் 4,800 பாக்கெட்டிலேயே ஓர் எண் திரும்பி வர பாதி வாய்ப்பு. அது சில நொடி வேலை!

2001-ல் ஃப்ளூரர், மான்டின், ஷமீர் என்ற மூவர் சாவியையே கண்டுபிடிக்கும் வழியை வெளியிட்டார்கள். 2007-ல் அது ஒரு நிமிடத்துக்குள் முடிகிற வேலையானது. இதற்குள் 2003-ல் டபிள்யூ.பி.ஏ., 2004-ல் டபிள்யூ.பி.ஏ.2 என்று புதுப் பூட்டுகள் வந்துவிட்டன. மாற்றாமல் தள்ளிப்போட்டவர்களும் உண்டு. அமெரிக்காவின் டி.ஜே.எக்ஸ். என்ற கடைச் சங்கிலியில் பழைய பூட்டு போட்ட வைஃபை வழியாக 2005-ல் நுழைந்தவர்கள் 4 கோடிக்கும் மேற்பட்ட கார்டு எண்களை அள்ளிக்கொண்டு போனார்கள்.

புதுப் பூட்டுக்கும் அதே வியாதி ஒரு தடவை வந்தது. 2017-ல் பெல்ஜியத்தைச் சேர்ந்த மேத்தி வான்ஹூஃப், டபிள்யூ.பி.ஏ.2-இல் ஏற்கனவே பயன்படுத்திய சாவிச் சரத்தை மறுபடி பயன்படுத்த வைக்க முடியும் என்று காட்டினார். திரும்ப அதே எக்ஸ்-ஆர்! மென்பொருள் புதுப்பிப்பில் சரிசெய்தார்கள். போனிலும் ரவுட்டரிலும் ‘அப்டேட்’ வரும்போது “அப்புறம்” என்று தள்ளாதீர்கள் என்பது இதனால்தான்.

இனி நம் பக்கத்துக் குறை. எத்தனை வீட்டில் பாஸ்வேர்ட் அப்பாவின் செல் நம்பர், சொல்லுங்கள்? நம் போன் வைஃபையில் சேரும்போது ரவுட்டரோடு நாலு செய்தி பரிமாறிக்கொள்ளும். டபிள்யூ.பி.ஏ.2-இல் அதைப் பிடித்துக்கொண்டவன் வீட்டில் உட்கார்ந்து நிதானமாகப் பாஸ்வேர்டை ஊகிக்கலாம். 6, 7, 8, 9-ல் தொடங்கும் பத்து இலக்க எண்கள் மொத்தம் 400 கோடி. நொடிக்கு 5 லட்சம் ஊகம் செய்யும் கிராஃபிக்ஸ் கார்டு இருப்பதாக வைத்துக்கொண்டால் 8,000 நொடி. அதாவது 2 மணி 13 நிமிடம். ஒரு சினிமா பார்க்கிற நேரம்! அதுவும் அப்பா நம்பர் தெரிந்த பக்கத்து வீட்டுக்காரருக்கு அந்த நேரமும் தேவையில்லை.

இப்படிச் செய்து பாருங்கள். தொடர்பில்லாத 2,000 தமிழ்ச் சொற்களிலிருந்து சீட்டுக் குலுக்கி நாலு எடுத்து ஆங்கில எழுத்தில் சேர்த்து எழுதினால் 16 லட்சம் கோடி வகை. அதே கார்டுக்கு ஒரு வருஷம் ஆகும். ஐந்தாவது சொல் ஒன்று சேர்த்தால் 2,000 வருஷம்! குடம், ரயில், மிளகு, ஓணான் என்று வந்தால் மனப்பாடம் செய்வதும் சுலபம். ஆனால் சீட்டுதான் எடுக்க வேண்டும். நாமே யோசித்தால் பிடித்த நடிகர் பேர்தான் வரும்.

2018-ல் வந்த டபிள்யூ.பி.ஏ.3-இல் இந்த வீட்டு ஊகம் நடக்காது. ஒவ்வொரு ஊகத்துக்கும் ரவுட்டரிடமே வந்து கேட்க வேண்டும். ரவுட்டரில் அந்த வசதி இருந்தால் உடனே மாற்றிவிடலாம். நெட்வொர்க் பெயரை மறைத்து வைப்பது வீண்வேலை. போன் சேரும்போது பெயர் வெளியே வந்துவிடும். விருந்தாளிகளுக்குத் தனி நெட்வொர்க் கொடுப்பது உருப்படியான வேலை.

கடைசியாக ஒரு கணக்கு. காற்றில் பிடித்தவை 10010, 01111. இரண்டுக்கும் ஒரே சாவிச் சரம். முதல் செய்தி 11001 என்று தெரியும். இரண்டாவது என்ன? விடையைத் துண்டுச் சீட்டில் வகுப்பு, பிரிவோடு எழுதி இந்தத் தாளுக்குக் கீழே ஒட்டியுள்ள உறையில் போடுங்கள். விடை அடுத்த இதழில்.

- பிளஸ் டூ, கணினி அறிவியல் பிரிவு